நீ மொழிபெயர்த்த ஒரு வரி

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகைகள் வந்துவிட்டன. சிராங்கூன் சாலை அச்சகக்காரர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து, “ஒரு தடவை பாத்துருங்கம்மா, பிழை இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றார். பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அழைப்பவர்கள் வரிசையில் உன் அத்தையின் பெயரை முதலில், என் பெயருக்கும் மேலே, தங்க நிறத்தில் போடச் சொல்லியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில் பெட்டியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டேன். அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார். ஒருவருடைய வீட்டை அவருக்குத் தெரியாமல் அடமானம் வைத்துவிட்டு, அவருடைய பெயரைத் தங்க எழுத்தில் அச்சடிக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. என் வீடு இருக்கும் பாசிர் ரிஸ் வரை ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கையில் புத்தகம் இருந்தும் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

என்னை அறிந்தவர்களுக்கு இந்தக் கடிதம் ஆச்சரியமாக இருக்கும். மின்தூக்கியில் கூட வருபவரிடம் மழையைப் பற்றிப் பேசுவதற்கே யோசிப்பவள் நான். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். உன் பள்ளிக் கூட்டங்களுக்கு வந்தபோது என்னை உன் அக்கா என்று நினைத்த ஆசிரியர்களிடம்கூட நான் விளக்கம் சொன்னதில்லை. இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் பேசத்தான் முதலில் முயன்றேன். நீ போனை எடுப்பதில்லை. “லேட்டர் மா” என்று பதில் வருகிறது. கடைசியாக நீ அனுப்பியது, “ஃபேமிலி மேட்டர்மா, வெளிய போக வேணாம்.” நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் விசாரணை அறைகளிலும் தமிழர்களுக்காகப் பேசிச் சம்பாதிப்பவள். நீ அனுப்பிய அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னவர்களில் அடிபட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆகவே இது வெளியே போகட்டும். உன் பெயரையும் அத்தையின் பெயரையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பெரிய சாலையிலிருந்து திரும்பும் ஒரு சின்னத் தெருவில் இருக்கும் அந்தக் கடைவீட்டை வாங்கியவர் உன் தாத்தா. அவர் அதைத் தன் மகளுக்கும் மகனுக்கும் சமமாக விட்டுப் போனார். மகள், உன் அத்தை. மகன், உன் அப்பா. அப்பா இறந்தபோது அவருடைய பாதி எனக்கும் உனக்குமாக வந்தது. நீ வளர்ந்ததும் என் பங்கையும் உன் பெயருக்கு எழுதினேன். இப்படி அந்த வீட்டில் பாதி அத்தைக்கும் பாதி உனக்கும் ஆனது. கீழே பணம் அனுப்பும் கடை வாடகைக்கு இருக்கிறது. அந்த வாடகையில்தான் அத்தை சாப்பிடுகிறார். மேலே அவர் வசிக்கிறார். பிறந்ததிலிருந்து அவர் வேறெங்கும் வசித்ததில்லை. என் பங்கை உனக்கு எழுதியது என் தவறு என்று இந்த இடத்தில் நான் கண்ணைக் கசக்குவேன் என எதிர்பார்க்காதே. மகனை நம்பியது தவறில்லை. தவறு முழுவதும் உன்னுடையது. அதில் பங்குக்கு நான் வரமாட்டேன்.

உன் அப்பா போனபோது நான் இளம்பெண். கையில் நீ. என் பிறந்த வீட்டில் என்னை என்ன செய்வது என்று கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை பேசவே இல்லை. மாடியில் முன்னறையைக் காலி செய்து, கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, “காத்து வரும், புள்ள நல்லா தூங்குவான்” என்றார். என் கல்யாணத்தில் உன் அப்பா ஒரு முடிச்சுப் போட, நாத்தனாராக மற்ற முடிச்சுகளைப் போட்டவர் அவர்தான். நாத்தனார் என்றால் என்னென்னவோ சொல்லி என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அந்த நாத்தனார்தான் நான் மாலை வகுப்புக்குப் போய்ப் படிப்பை முடித்த வருடங்களில் உனக்குச் சோறு ஊட்டினார். தீபாவளி விளக்குகள் எரியும் வாரங்களில் தெருச் சத்தத்தில் நீ தூங்காமல் அழும்போது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டில் நடந்தார். பிறகு நீ ராணுவச் சேவைக்குப் போனாய். வாரக் கடைசியில் நீ கொண்டுவந்து போடும் சீருடையை, மடிப்பு கலையாமல் தேய்த்து வைத்ததும் அவர்தான். நான் அதைத் தொட்டால், “உனக்கு வராதும்மா, போய்ப் படி” என்று விரட்டுவார்.

ஒன்றை மட்டும் விரிவாக நினைவுபடுத்துகிறேன். அப்பாவின் சட்டைகள் அலமாரியில் வருடக்கணக்கில் அப்படியே இருந்தன. அந்தத் தெருவில் அறையெடுத்துத் தங்கியிருந்த தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தையும் சரி என்றார். ஆனால் அலமாரியைத் திறக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்தார். நீ அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்தாய். உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய மனிதரிடம் கேட்பதுபோல், “அப்பாவோட சட்டைங்கடா. உனக்கும் பங்கு இருக்கு. குடுத்துடலாமா, வேணாமா?” என்று கேட்டார். நீ வெகுநேரம் யோசித்துவிட்டு, “கட்டம் போட்டது வேணும், மத்தது குடுங்க” என்றாய். நான் பொறுமை இழந்து, “சின்னப் பையன்கிட்ட என்ன அண்ணி கேட்டுக்கிட்டு?” என்றேன். “சின்னப் பையனா இருந்தா? அவன் வேணாம்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்” என்றார் அவர். கேட்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்ல இடம் வைத்துவிட்டுப் பேசுவதற்குப் பெயர்தான் கேட்பது. பழைய சட்டைகளுக்கே உன்னிடம் அப்படிக் கேட்டவரிடம், வீட்டுக்கு நீ எப்படிக் கேட்டாய் என்பதற்கு இப்போது வருகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அத்தை எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, ஒரு சீனப் பையன் வந்து மாடியெல்லாம் படம் புடிக்கிறான். டவுன் கவுன்சில் ஆளா என்னான்னு புரியல. சாயந்தரம் திரும்ப வர்றேங்கிறான். நீ கொஞ்சம் வாயேன்.” போனேன். அந்தப் பையன் உன் வயதுதான் இருப்பான். படிக்கட்டிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வந்தான். அத்தை அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கடன் கொடுத்த நிறுவனம் தன்னை அனுப்பியிருப்பதாகவும், தவணை நின்று போனதால் வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்க வந்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னான். எந்தக் கடன் என்று கேட்டேன். கையில் இருந்த கைக்கணினியைத் தட்டிப் பார்த்து உன் பெயரைச் சொன்னான். இன்னொரு உரிமையாளருக்காகவும் நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்றான்.

என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு தாயிடம் அவள் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதரிடம் அவருக்கு விதித்த தண்டனையைச் சொல்லியிருக்கிறேன். வார்த்தை கனமாக இருக்கிறது என்பதற்காக எடை குறைத்துச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த மாடியில்தான், வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று முதல்முறையாக நினைத்தேன். என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனாயே, அதை முதலில் உன் கணக்கில் எழுதிக்கொள்.

“என்னம்மா சொல்றான்? உன் முகம் ஏன் இப்படிப் போவுது?” என்றார் அத்தை.

“அண்ணி, இந்த வீடு அடமானத்துல இருக்குதுங்கிறாரு.”

“எந்த வீடு?”

“இந்த வீடு.”

“யாரு வச்சது?”

உன் பெயரைச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார். “ஐயோ பாவம், வேற வீட்டுக்கு வந்துட்டான்போல. அட்ரஸ ஒழுங்கா பாக்கச் சொல்லும்மா” என்றார். பிறகு குவளையை அந்தப் பையன் பக்கம் தள்ளி, “குடிக்கச் சொல்லு, ஆறிடும்” என்றார். அவன் குடித்தான். மூவரும் உட்கார்ந்திருந்தோம். கீழே கடையில் யாரோ ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ரசீது எண்ணைப் போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தையின் சிரிப்பு முகத்திலேயே நின்று போனது. “அந்தக் கூரை ரிப்பேருக்குக் கையெழுத்துப் போட்டேனே, அதுவா?” என்றார்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கூரை ஒழுகியது உண்மை. கீழ்க்கடைக்குப் புது ஒப்பந்தம் போட வேண்டியிருந்ததும் உண்மை. முழங்கால் வலியோடு அத்தை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம், நீயே அவர் சார்பில் கையெழுத்திட ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போயிருக்கிறாய். அத்தை படிக்காதவர் இல்லை. தமிழ் நாளிதழை மரண அறிவிப்பு வரை விடாமல் படிப்பவர். ஆங்கிலம்தான் தெரியாது. அதனால் அவர், “உங்கம்மா வரட்டும்டா, அவ வேலையே இதுதானே” என்று சொல்லியிருக்கிறார். நீ, “அம்மா பிஸி லா அத்தை, நானே சொல்றேன்” என்றாயாம். நான் பிஸியாக இல்லை. நீ என்னிடம் சொல்லவே இல்லை.

வழக்கறிஞர் அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் வாசிக்க, நீ தமிழில் சொல்லியிருக்கிறாய். அத்தை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்தம்மா இவ்வளோ நேரம் வாசிச்சாங்க. இவன் இத்துனூண்டு சொன்னான். ‘வீட்ட நான் பாத்துக்கிறதுக்கு அத்தை’ன்னான். அவ்வளோதானாடான்னு கேட்டேன். ‘இங்கிலீஷ்ல நீட்டி முழக்குவாங்க அத்தை’ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. புரிஞ்சுதான்னு அந்தம்மா கேட்டப்போ நானே ‘யெஸ்’ன்னு இங்கிலீஷ்ல சொன்னேன்.”

பிற்பாடு அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தேன். விற்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட, கடன் பெற, அதற்கான பத்திரங்களில் கையொப்பமிட என்று வினைச்சொற்களாக அடுக்கி ஒரு நீண்ட வரி. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நீ ஒரே சொல் சொல்லியிருக்கிறாய், பாத்துக்கிறது என்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு தமிழ்ப் பெண்மணி அந்தச் சொல்லைக் கேட்டால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். அதற்குமேல் கேட்டால் சொன்னவனை அவமதிப்பதாக ஆகிவிடும். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாய். அடமானத்துக்குத் தமிழ் தெரியவில்லை என்று நீ சொல்ல முடியாது. பள்ளியில் தமிழில் முதலாவதாக வந்தவன் நீ. சாப்பாட்டு மேசையில் நான் ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட, நீ தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போடுவாய். அந்த விளையாட்டில் அத்தைதான் நடுவர். உனக்குச் சொல் இல்லாமல் போன நாள் எனக்கு நினைவில்லை. போலிக் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீ அவருடைய உண்மையான கையெழுத்தை வாங்கினாய். அதற்கு அவருடைய மொழியையே பயன்படுத்தினாய்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே பொங்கோலில் உன் புது வீட்டுக்கு வந்தேன். நீயும் உன் வருங்கால மனைவியும் சமையலறைத் தரைக்கு ஓடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தீர்கள். “இந்தக் கலர் ஓகேவாம்மா?” என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நான் எதற்கு வந்தேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணை, கீழே போய்க் கோப்பி வாங்கி வரச் சொல்லி அனுப்பினாய். அவள் எனக்குச் சர்க்கரை வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

“நான் ஒண்ணும் திருடலம்மா. பவர் இருக்கு. எல்லாம் லீகல்” என்றாய். நீயும் உன் நண்பனும் நடத்திய உணவுத் தொழில் நொடித்துப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை என்றாய். நல்லபடியாகப் போயிருந்தால் கடனை அடைத்திருப்பாய் என்றாய். “அத்தைக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காதும்மா.”

அதை ஒரு நல்ல விஷயம்போல் சொன்னாய்.

“என் பேர்லயும் பாதி இருக்கில்ல? எனக்கும் ரைட்ஸ் இருக்கு.”

“உன் பாதி எதுன்னு காட்டு. படிக்கட்டா? சமையக்கட்டா? அத்தை படுக்கிற ரூமா?”

“அம்மா, ப்ளீஸ் லா.”

“எதுன்னு சொல்லு. அங்க போய் கோடு போட்டுட்டு வந்துடலாம்.”

அதற்கு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்ன பதிலை நான் மறக்கப்போவதில்லை. “எப்படியும் அத்தைக்கு அப்புறம் எனக்குத்தானே வரப்போவுது?” உயிரோடு இருக்கிற ஒருவரை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டு, அவருடைய வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாய். பொதுவில் இருக்கும் சொத்து என்பதற்கு நீ நினைக்கும் அர்த்தம் வேறு. பாதி உன்னுடையது, அதனால் மீதியும் கிட்டத்தட்ட உன்னுடையது என்று நினைக்கிறாய். நான் சொல்கிறேன், கேள். பொதுவில் இருப்பது என்றால் ஒவ்வொரு செங்கல்லிலும் இன்னொருவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் எந்தச் செங்கல்லையும் நகர்த்த முடியாது. அவர் வயதானவர், பிள்ளை இல்லாதவர், உன்மேல் உயிரை வைத்திருப்பவர் என்பதால் கேட்க வேண்டிய தேவை குறைந்துவிடாது. முடியாது என்று உன்னிடம் சொல்லத் தெரியாதவரிடம் இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாகக் கேட்கவேண்டும்.

“அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். நீ ஓடு மாதிரிகளை அடுக்க ஆரம்பித்தாய். அதற்குள் அந்தப் பெண் கோப்பியோடு வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு அம்மாவின் அறிவுரை என்று ஒன்று வேண்டுமானால் இதை எடுத்துக்கொள். அவளிடம் சொல். அவளும் நாளைக்கு உன்னோடு பலவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளப் போகிறவள். யாரோடு வைத்துக்கொள்கிறோம் என்று முன்பே தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் அவள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள். அது உனக்கு நல்லதாக இருக்காது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். நானும் அத்தையும் வேறொரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அந்தப் பவரில் என்ன இருந்தது என்று தன்னிடம் சரியாகச் சொல்லப்படவில்லை என்று அத்தை வாக்குமூலம் கொடுத்தால், அதை எதிர்த்து வழக்காட வழி இருக்கிறது என்றார். வென்றால் கடன் உன் பாதியோடு நிற்கும். அத்தையின் பாதி பிழைக்கும். உன் பங்கு போகும். போகட்டும். அதற்கு மேல் போலீஸ், நீதிமன்றம் என்றும் உனக்கு வரலாம். வந்தால் நான் உன்னோடு வருவேன். அந்தக் கட்டடங்களின் வாசல்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அங்கேயும் உனக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு அந்த வழக்கறிஞரிடமிருந்து வெளியே வந்ததும் அத்தை நடைபாதையில் நின்றுவிட்டார். “எல்லாம் புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிடுறேம்மா” என்றார்.

“என்ன அண்ணி பேசுறீங்க? வீடு போயிடும்.”

“போனா போவுது. கல்யாணம் பண்ணப்போற புள்ள. கேஸு, போலீஸுன்னா பொண்ணு வீட்ல என்ன நெனப்பாங்க? நான் உன் வீட்ல ஒரு மூலையில இருந்துக்கிறேன். நீ என்ன, வேணாம்னா சொல்லப்போற?”

“நீங்க பொய் சொல்லப்போறீங்க.”

“அவன் சின்ன வயசுல பண்ணதுக்கெல்லாம் உன்கிட்ட நான் சொல்லாத பொய்யா?” என்று சிரித்தார். இத்தனை வருடங்களில் முதல்முறையாக நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி சரி, வெயில்ல நிக்காத” என்றார். அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

வரும் வியாழக்கிழமை அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் அவருடைய வாக்குமூலத்தை எழுதப் போகிறார்கள். உறவுக்காரி என்பதால் நான் மொழிபெயர்க்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, அத்தை சொல்லும் பொய்யை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்வார். அது அவருடைய கடமை. அதன் பிறகு உள்ளே போய், அத்தை அன்றைக்கு மாடியில் என்னிடம் சொன்னதையெல்லாம் நான் சொல்வேன். அவருடைய சொல்லுக்கும் என் சொல்லுக்கும் நடுவே அந்த வழக்கு சிக்கிக்கொள்ளும். பொய் சொன்னார் என்ற பெயரோடு அவர் வெளியே வருவார். மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு நான் வருவேன். நீ அப்போது எங்கேயோ இருப்பாய். உன் போன் அடித்துக்கொண்டிருக்கும்.

இதை மாற்ற ஒரே ஒருவரால்தான் முடியும். அன்றைக்கு அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ என்ன கேட்டாய், என்ன சொன்னாய் என்பதை வழக்கறிஞரிடம் நீயே சொல்லிவிட்டால், அத்தை உனக்காகப் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, நான் உனக்கு எதிராகப் பேசவேண்டிய அவசியமும் இல்லை. மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. அத்தை உன்னை எப்போதோ மன்னித்துவிட்டார், அதுதான் இப்போதைய ஆபத்தே. நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு வியாழக்கிழமைக்குப் பிறகு நேரம் இருக்கிறது. நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதற்கு முன் நீ திறந்துவிடு.

அம்மா